கூடி வளர்ந்தவை பிரிந்து வாழும் பருவம்

பல்லி என்றதும் தமிழ் மக்களின் நினைவில் முதலில் எழுவது வீட்டுச் சுவரும், அதன் ஒலிக்குப் பலன் கூறும் பழைய வழக்கமுமே ஆகும். எத்திசையில் ஒலித்தால் என்ன பலன், உடலின் எப்பாகத்தில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கங்கள் நிரல்படுத்திக் கூறும். அழையாமலே வந்து, விளக்கொளியை நாடிவரும் பூச்சிகளை உண்டு வாழும் அச்சிறு பிராணியை இங்கே எவரும் வளர்ப்பதில்லை. அது தானே வளர்கின்றது. ஆயின், ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே கடந்த சில பத்தாண்டுகளாகப் பல்லியினத்தைச் சேர்ந்த சில பிராணிகள், கூட்டுக் கிளியையும் தொட்டி மீனையும் போன்று, வீடுகளில் விரும்பி வளர்க்கப்படுகின்றன. அவ்வாறு வளர்ப்போர் பலரும் எதிர்நோக்கும் வினா ஒன்று உண்டு. சிறு வயதில் ஒரே பெட்டியில் அமைதியாக வளர்ந்த ஆணையும் பெண்ணையும், அவை பருவம் எய்திய பின்னரும் சேர்த்தே வைத்திருக்கலாமா என்பதே அவ்வினா.

கேட்பதற்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால், அதற்கு அளிக்கும் விடையிலே ஓர் உயிரின் நலமும், பல வேளைகளில் அதன் ஆயுளுமே தங்கியுள்ளன.

இவ்வாறு வளர்க்கப்படும் பல்லிகளுள் மிகவும் பரவலாக அறியப்பட்டது சிறுத்தைப் பல்லி. மஞ்சள் நிற மேனியிலே கரும்புள்ளிகள் சிதறிக் கிடப்பதனால் அதற்கு இப்பெயர் வாய்த்தது. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் நூதனசாலைப் பொறுப்பாளராக விளங்கிய எட்வேட் பிளைத் என்பார், 1854ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய நாடுகளின் வறண்ட, பாறை செறிந்த நிலங்களே இதன் தாயகம். வீட்டுப் பல்லியினின்றும் இது பலவகையில் வேறுபட்டது. இதன் விரல்களில் சுவரைப் பற்றும் தகடுகள் இல்லை. ஆதலால் இது தரையிலேயே வாழும். பெரும்பாலான பல்லிகளுக்கு இமை இல்லை. அவை நாவினால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ மூடித் திறக்கும் இமைகள் உண்டு. அதன் தடித்த வால் கொழுப்பைச் சேமித்து வைக்கும் பண்டகசாலை போன்றது. பகல் முழுதும் கல்லிடுக்கிலும் வளையிலும் ஒடுங்கியிருந்து, அந்தி சாய்ந்த பின் இரைதேடி வெளிவரும். நன்கு பேணப்பட்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வரை உயிர்வாழ வல்லது.

இத்தகைய பிராணியை வாங்க விரும்பும் ஒருவர், ஒன்று தனித்திருந்து வாடுமே என்று இரங்கி, இரண்டு குஞ்சுகளாக வாங்குவது வழக்கம். விற்பவரும் இரண்டும் பெண்ணென்றோ, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றோ கூறி விற்றுவிடுவார். குஞ்சுகள் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மறைவிடத்தில், ஒன்றன்மேல் ஒன்று கிடந்து உறங்கும். சில மாதங்கள் இவ்வாறு இனிதே கழியும். பின்னர் ஒருநாள் ஒன்றின் கழுத்திலே பற்பட்ட காயம் காணப்படும். அல்லது ஒன்றின் வால் மெலிந்திருக்கும். அல்லது பெட்டியின் ஈர மூலையிலே எவரும் எதிர்பாராத இரண்டு முட்டைகள் கிடக்கும். அப்பொழுதுதான் வளர்ப்பவர் அதிர்ச்சியுற்று அறிவுரை தேடத் தொடங்குவர்.

இதிலே விற்பவரை மாத்திரம் குறைகூறுதல் தகாது. குஞ்சாய் இருக்கும்பொழுது ஆண், பெண் என்பதை வெளித்தோற்றத்தால் உறுதியாகக் கூறுதல் அரிது. மனிதரில் பால் வேறுபாட்டை வகுப்பவை நிறமூர்த்தங்கள். சிறுத்தைப் பல்லியிலோ அதனை வகுப்பது முட்டை கிடந்த இடத்தின் வெப்பம். முட்டையின் வெப்பநிலை குஞ்சின் பாலைத் தீர்மானிக்கக்கூடும் என்ற உண்மையை நகருயிர்களிடையே முதன்முதலாக எடுத்துக் காட்டியவர் மடலீன் ஷார்னியே என்னும் பிரெஞ்சு நாட்டு அறிவியலாளர். ஆபிரிக்க ஓணான் வகை ஒன்றை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். பின்னர் ஆமை, முதலை ஆகியவற்றிலும், சிறுத்தைப் பல்லியிலும் இவ்வியல்பு உண்டென்பது உறுதியாயிற்று.

சிறுத்தைப் பல்லியின் முட்டைகளை 26 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகவே பொரிக்கும். 32.5 பாகை அளவில் வைத்தால் நான்கில் மூன்று பங்கு ஆணாகும். வெப்பம் மேலும் உயர்ந்து 34 பாகையை எட்டினால் வியப்புக்குரிய வகையில் மீண்டும் பெண்களே மிகும். ஒரே தாய் ஒரே நாளில் இட்ட இரண்டு முட்டைகள் ஒரே வெப்பத்தில் இருந்தாலும், இடைப்பட்ட வெப்பநிலையில் ஒன்று ஆணாகவும் மற்றையது பெண்ணாகவும் பொரித்தல் கூடும். ஆகவே, 'இவை இரண்டும் சகோதரிகள்' என்று நம்பி வாங்கியவற்றுள் ஒன்று பின்னர் சகோதரனாக வெளிப்படுவதில் வியப்பில்லை. பல்லிக்குச் சகோதர உறவு என்ற தடை கிடையாது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனவே, வளர்ப்பவர் செய்யவேண்டிய முதற் கடமை, பருவத்தின் அறிகுறிகளைத் தாமே பார்த்து அறிந்துகொள்ளுதலாகும். ஏறக்குறைய ஆறாவது மாத அளவில் இவ்வறிகுறிகள் புலப்படும். பல்லியைக் கண்ணாடிப் பாத்திரமொன்றில் விட்டு அடிப்புறமாக நோக்கினால், பின்னங்கால்களுக்கு இடையிலே, கழிவாயிலுக்குச் சற்று முன்பாக, கூரை முகட்டைப் போன்று வளைந்த ஒரு வரிசைத் துளைகள் ஆணில் தெளிவாகத் தெரியும். அவற்றிலே மெழுகு போன்ற பொருள் அடைந்திருக்கும். கழிவாயிலுக்குப் பின்னே, வாலின் அடியில், இரண்டு சிறு புடைப்புகளும் காணப்படும். பெண்ணில் அத்துளைகள் மங்கலாக இருக்கும், புடைப்புகள் இரா. ஐயமுள்ளவிடத்து மிருக வைத்தியரிடம் காட்டித் தெளிதல் நன்று. ஐயம் தீரும்வரை வெவ்வேறு பெட்டிகளில் வைத்திருப்பதே அறிவுடைமை. ஏனெனில், ஆண் விரைவிலேயே இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெற்றுவிடும். பெண்ணும் கருவுறும் ஆற்றலை இளமையிலேயே அடைந்துவிடும். ஆயினும், முட்டையைச் சுமந்து ஈனும் வலிமை அதன் உடலுக்கு அப்பொழுது வந்திராது. கருவுறும் ஆற்றலுக்கும் சுமக்கும் வலிமைக்கும் இடைப்பட்ட இந்தச் சில மாதங்களே ஆபத்து மிகுந்தவை.

பருவம் எய்திய ஆண் பல்லியின் நடத்தை எத்தகையது? பெண்ணின் மேனியிலிருந்து வரும் வாசனையை நாவினால் உணர்ந்ததும், அது தன் வாலின் நுனியை மிக விரைவாக அதிரச் செய்யும். பெட்டியின் தரையில் அவ்வால் படுகையில் கிலுகிலுப்பை போன்ற ஓசை எழும். பின்னர் பெண்ணை அணுகி, உடலிலும் பிடரியிலும் வாயினால் கவ்விப் பிடிக்கும். பெண் இசைந்தால் அசையாது நிற்கும். இசையாவிடின் வாலை உயர்த்தி மெல்ல அசைத்து எச்சரிக்கும், கடிக்கும், ஓடும். திறந்த வெளியிலே அவ்வாறு ஓடிய பெண், பாறைகளுக்கு அப்பாற் சென்று மறைந்துவிடும்; பூசலும் அத்துடன் முடிந்துவிடும். மூன்றடி நீளமுள்ள கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே ஓடும்? ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கே ஓட முடியும். அங்கும் ஆண் வரும். நாள்தோறும் துரத்தலுக்கு ஆளாகும் பெண், இரையுண்ண மறந்து, மறைவிடத்தை விட்டு வெளிவர அஞ்சி, நாளடைவில் மெலியும். சில வேளைகளில் தற்காப்பின் பொருட்டு வாலையும் துண்டித்துவிடும். வால் மீண்டும் வளருமாயினும் பழைய வடிவம் பெறாது. அதில் சேமித்திருந்த கொழுப்பும் வீணாகும்.

துரத்தலினால் வரும் துன்பம் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாது பெண்ணை அரிப்பது முட்டையின் சுமை. சிறுத்தைப் பல்லி ஒரு தடவையில் பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இடும். சில வாரங்கள் கழித்து மீண்டும் இரண்டு. பின்னர் மீண்டும் இரண்டு. இவ்வாறு ஒரு பருவத்தில் நான்கைந்து தடவைகளோ அதற்கு மேலோ இடுதல் உண்டு. ஆணின் விந்தைத் தன் உடலில் நெடுநாள் சேமித்து வைக்கும் ஆற்றல் பெண்ணுக்கு இருப்பதால், ஒரே ஒரு சேர்க்கையே பல தடவை முட்டையிடப் போதுமானது. ஆகவே, பருவம் முழுதும் ஆணைப் பக்கத்தில் வைத்திருப்பதால் பெண்ணுக்கு வரும் நன்மை எதுவுமில்லை. ஓயாத தொல்லையே மிஞ்சும். அவ்வாறே, காயங் கண்டு ஆணைப் பிரித்துவிட்டதும் கவலை தீர்ந்ததென்று வளர்ப்பவர் இருந்துவிடவும் கூடாது. பிரித்துப் பல வாரங்கள் சென்ற பின்னரும் கருவுற்ற முட்டைகள் வரலாம். அவற்றை இடுவதற்கு ஈரமான மண்ணோ பாசியோ நிரப்பிய மறைவிடம் ஒன்றைப் பெண்ணின் பெட்டியில் வைத்திருத்தல் இன்றியமையாதது.

ஒவ்வொரு முட்டைக்கும் வேண்டிய கல்சியம் தாயின் உணவிலிருந்து வரவேண்டும். உணவில் இல்லையேல் தாயின் எலும்பிலிருந்தே எடுக்கப்படும். தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் பெண் பல்லி, தன் எலும்புக்கும் முட்டைக்கும் ஒருங்கே கல்சியம் தேடவேண்டியதாகின்றது. போதாமை ஏற்படின் எலும்பு மென்மையுறும், தாடை வளையும், கால்கள் நடுங்கும். இன்னும் சில பல்லிகளில் முட்டை வெளிவராது உள்ளேயே தங்கிவிடும். தக்க வேளையில் வைத்தியம் கிடையாவிடின் இது உயிரையே கொள்ளும். ஒரு பெட்டிக்குச் செலவிடத் தயங்கியவர் ஓர் உயிரை இழக்க நேர்வது இவ்வாறுதான்.

பிரித்து வைத்தால் அவை தனிமையால் ஏங்காவோ என்று கேட்போர் பலர். இரக்கத்தினால் எழும் கேள்வி இது. ஆயினும் மனித உள்ளத்தை அளவுகோலாகக் கொண்டு எழுவது. கிளியும் நாயும் கூடி வாழும் இயல்பின. தனிமை அவற்றை வருத்தும். சிறுத்தைப் பல்லியோ தன் இரையைத் தானே தேடி, தன் மறைவிடத்தில் தானே ஒடுங்குவது. ஆண் தன் எல்லைக்குள் வேறோர் ஆணைப் பொறுத்துக்கொள்ளாது. முட்டையிட்டு மண்ணால் மூடிய தாய் அதன்பின் அதனைத் திரும்பியும் பாராது. பொரித்த குஞ்சு முதல்நாள் தொட்டே தன் காலில் நிற்கும். கணவன், மனைவி, இல்லறம் என்னும் கருத்துகள் மனிதருக்கு உரியவை. இரண்டு பல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைக் கண்டு அன்பென்று மகிழ்வோர், பெட்டியிலே வெம்மையான மறைவிடம் ஒன்றே உள்ளது என்பதையும், அதன் பொருட்டு இரண்டும் போட்டியிடுகின்றன என்பதையும் கவனிப்பதில்லை. மேலே கிடப்பது வென்றது. கீழே கிடப்பது வேறிடம் இல்லாதது.

அவ்வாறாயின் ஒரே பாலைச் சேர்ந்தவற்றைச் சேர்த்து வைக்கலாமா? இரண்டு ஆண்களைச் சேர்த்தல் எக்காரணம் கொண்டும் ஆகாது. பருவம் வந்த பின் அவை ஒன்றையொன்று கடித்துக் குதறும், சாவும் நேரலாம். பெண்கள் சில, போதிய இடமும் பல மறைவிடங்களும் இருப்பின், கூடி வாழ்தல் உண்டு. ஆனால், எல்லாப் பெண்களும் ஒரு தன்மையின அல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வுகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. ஆண்கள் மிகுதியாகப் பொரிக்கும் வெப்பத்தில் இருந்து வந்த பெண்கள், குளிர்ந்த வெப்பத்திலிருந்து வந்த பெண்களைக் காட்டிலும் சண்டைக் குணம் மிக்கவை என்று அவர்கள் கண்டனர். முட்டைக்குள்ளே பெற்ற வெப்பம், பாலை மட்டுமன்றி வளர்ந்தபின் நடந்துகொள்ளும் விதத்தையும் ஓரளவு வகுத்துவிடுகின்றது. ஆதலால் ஒருவர் வீட்டில் இரண்டு பெண்கள் ஒற்றுமையாக வாழ்ந்தன என்பதைக் கொண்டு, மற்றொருவர் வீட்டிலும் அவ்வாறே வாழும் என்று முடிவு செய்தல் இயலாது.

இனி, பிரித்து வைக்கும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு பல்லிக்கும் தனிப் பெட்டி வேண்டும். அதன் ஒருபுறம் 31 முதல் 33 பாகை வரை வெம்மையாகவும், மறுபுறம் 25 பாகை அளவில் குளிர்ச்சியாகவும் இருத்தல் நன்று. வெம்மையான பக்கத்தில் ஒன்றும், குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும், தோலுரிக்க உதவும் ஈரமான மறைவிடம் ஒன்றுமாக மூன்று மறைவிடங்கள் அமைத்தல் வேண்டும். இரையாக அளிக்கும் சில்வண்டு, புழு முதலியவற்றின் மீது கல்சியத் தூளைத் தூவிக் கொடுத்தல் வேண்டும். விற்றமின் டி3 இன்றிக் கல்சியம் உடலிற் சேராது என்பதும் நினைவிலிருக்கட்டும். சமையலறைத் தராசு ஒன்றில் மாதம் ஒருமுறை நிறுத்து, நிறையை ஒரு கொப்பியில் குறித்து வருதல் சிறந்த பழக்கம். கண் ஏமாறும், தராசு ஏமாற்றாது. புதிதாக வாங்கிய பல்லியைப் பழையவற்றோடு உடனே சேர்க்காது, சில மாதங்கள் வேறோர் அறையில் வைத்துக் கவனித்தலும் வேண்டும். பல்லியின் குடலைத் தாக்கி மெலியச் செய்யும் ஒருவகை நுண்ணுயிர், ஒன்றின் கழிவு வாயிலாக மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது.

குஞ்சு பொரிக்கச் செய்ய விரும்புவோருக்கும் இதே முறையே உகந்தது. பெண்ணுக்கு ஓராண்டேனும் நிரம்பி, நிறை ஏறக்குறைய 50 கிராம் ஆகி, வால் நன்கு பருத்த பின்னரே சேர்க்கையைப் பற்றி நினைத்தல் வேண்டும். அப்பொழுதும் வளர்ப்பவர் அருகிலிருந்து, சிறிது நேரம் மட்டும் இரண்டையும் ஒன்றாக விட்டு, பின் பிரித்துவிடுதல் நலம். வரப்போகும் குஞ்சுகளுக்கு இடமும் இரையும் உண்டா, ஏற்றுப் பேணுவோர் உண்டா என்பதையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெற்றோரின் பரம்பரையையும் அறிந்திருத்தல் அவசியம். நிறத்தின் அழகுக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகைகளுள் 'லெமன் புரொஸ்ற்' என்பது ஒன்று. எலுமிச்சை மஞ்சளும் பனி வெண்மையும் கலந்த அதன் அழகில் மயங்கிப் பலர் பெருக்கினர். ஆனால், அந்நிறத்தைத் தரும் பரம்பரை மாற்றத்தை உடைய பல்லிகளுள் 80 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் தோற்கட்டிகள் தோன்றுவதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் பிரிவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக் காட்டியது. ஒரே பெட்டியில் எதேச்சையாக நேரும் சேர்க்கையில் இத்தகைய தீங்கு எது, எவ்வாறு குஞ்சுகளைச் சென்றடையும் என்பதை யாரறிவார்?

பல்லிகள் எல்லாம் ஒரே நெறியில் ஒழுகுவன என்று கொள்ளலாகாது. நியூ கலிடோனியாத் தீவுக்குரிய கொண்டைப் பல்லி 1866இல் விவரிக்கப்பட்டு, பின் அற்றொழிந்ததென்று கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அதுவும் பெருமளவில் வளர்க்கப்படுகின்றது. பூசலிலே வாலை இழந்தால் அதற்கு வால் மீண்டும் முளைப்பதில்லை; ஆதலால், பிரித்து வைக்கும் விதி அதற்கும் பொருந்தும். தென்கிழக்காசியாவின் பெரிய தொக்கைப் பல்லியோ தன் முட்டைகளை அருகிருந்து காக்கும் இயல்புடையது. இலங்கை முதலாகப் பசுபிக் தீவுகள் வரை பரந்து வாழும் ஒரு சிறு பல்லியினத்தில் ஏறத்தாழ அனைத்துமே பெண்கள். ஆணின்றியே அவை முட்டையிட்டுப் பெருகும். அத்தகைய பல்லியை எத்துணைத் தனிமையில் வைத்தாலும் பெருக்கத்தைத் தடுக்க இயலாது. ஆகவே, எந்த இனத்தை வளர்க்கின்றார் என்பதை அறிந்து, அதற்கேற்ற ஒழுங்கைக் கைக்கொள்வதே வளர்ப்பவரின் பொறுப்பு.

இவற்றைக் கேட்கும் இலங்கை நேயர் எவரேனும் ஆர்வமேலீட்டால் காட்டுப் பல்லியைப் பிடித்துப் பெட்டியில் இடக் கருதலாகாது. இந்நாட்டின் நகருயிர்களுள் மிகப் பலவற்றை, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் காத்து நிற்கின்றன. வேறெங்கும் காணப்படாத சிறு பல்லியினங்கள் பல இத்தீவின் பாறைகளிலும் மரங்களிலும் வாழ்கின்றன. அவற்றை அவை வாழும் இடத்திலேயே கண்டு மகிழ்தலே முறை.

உயிரொன்றை வளர்க்க முற்படுவோர் முதலில் கேட்கவேண்டியது, தமக்கு எது இனிமை என்பதன்று. அவ்வுயிருக்கு எது இயல்பு என்பதே. இளமையில் பொருந்திய ஏற்பாடு பருவத்தில் பொருந்தாமற் போவது இயற்கை. சேர்த்து வைப்பது அன்பின் அடையாளம் என்பது மனிதரிடையே உண்மையாயிருக்கலாம். சிறுத்தைப் பல்லிக்கோ, ஆளுக்கொரு பெட்டியும், அஞ்சாது உறங்க ஒரு மறைவிடமும், தன் உடல் தாங்கும் அளவுக்கு மேற்படாத சுமையுமே வேண்டுவன. அவற்றை உரிய காலத்தில் அளிப்பவரே அதனை நன்கு வளர்த்தவராவர்.